சாயத் தண்ணீரில் காந்தத் தூள்

நானோ பொருளால், அதாவது மிக நுண்ணிய தூளால், தண்ணீரிலிருந்து சாயத்தை நீக்கினோம் என்று வரும் ஆய்வுகளைப் புரட்டினால் பெரும்பாலும் மெத்திலீன் நீலம்தான் கண்ணில் படும். காரணம் தெரிந்ததுதான். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் அந்தப் புட்டி இருக்கும். மலிவு. ஒரு துளி விட்டால் பீக்கர் முழுக்க நீலம். ஒளியை உறிஞ்சுவதில் 664 நானோமீட்டரில் தெளிவான உச்சி. அதைவிட முக்கியம், அது நேர்மின் ஏற்றம் கொண்ட சாயம். களிமண், மரத்தூள், வாழைப்பழத் தோல் என்று எதிர்மின் ஏற்றமுள்ள எதைப் போட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பொருளைச் செய்தாலும் தேர்வில் பாஸ்.

திருப்பூரில் பனியன் துணிக்கு யாரும் மெத்திலீன் நீலம் போடுவதில்லை. பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின் ஏற்றம் கொண்டது. கூடவே உப்பும் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட் என்ற காரம்) வரும். அதனால் இந்த முறை மாணவர்களோடு செய்த ப்ராஜெக்டில் மெத்திலீன் நீலப் புட்டியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். பழக்கமான ஒரு சாயப்பட்டறையிலிருந்து கறுப்பு ஷேடு போட்ட பாத்தின் (சாயத் தொட்டியின்) தண்ணீரைக் கேனில் பிடித்து வந்தோம். செலவான முதல் தண்ணீர் ஒரு கேன், அதற்கடுத்த அலசல் தண்ணீர் ஒரு கேன், சோப்பிங் (துணியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது) முடிந்தபின் வந்தது ஒரு கேன். மூன்றையும் தனித்தனியாகப் பிடித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பின்னால் தெரியும்.

தண்ணீரில் சாயம் ஏன் மிஞ்சுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரியாக்டிவ் சாயம் காரத் தண்ணீரில் பருத்தி நூலோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. அதே காரத்தில் தண்ணீரோடும் வினைபுரிந்துவிடும். தண்ணீரோடு சேர்ந்த சாயம் இனித் துணியில் பிடிக்காது. அதை அலசித்தான் வெளியேற்ற வேண்டும். சாயத்தையும் ஷேடையும் பொறுத்துப் போட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று நான்கு பங்கு வரைகூட இப்படி வீணாகும். சாயம் துணிப்பக்கம் நெருங்கிவர ஒரு லிட்டருக்கு 50, 60 கிராம் உப்பு வேறு கொட்டவேண்டும். அந்த உப்பு துணியோடு போவதே இல்லை, முழுக்கத் தண்ணீரோடுதான் வரும்.

பின்கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில் பல வருஷம் இந்தத் தண்ணீர் ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது போய்த் தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் திறந்தார்கள். அதனால் இப்போது உயிரியல் தொட்டி, நிறநீக்கம், சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., அது ஒதுக்கும் உப்புத் தண்ணீரை (ரிஜெக்டை) ஆவியாக்க எவாப்பரேட்டர் என்று வரிசையாக ஓடுகிறது. எங்கள் சின்ன வேலை அந்த வரிசையில் எங்கே பொருந்தும், பொருந்துமா என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம்.

எடுத்துக்கொண்டது காந்த இரும்பு ஆக்சைடு, அதாவது மேக்னடைட். தூளைத் தண்ணீரில் கலக்கிச் சாயத்தைப் பிடிக்க வைப்பது பெரிய விஷயமில்லை. பிடித்த தூளைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுப்பதில்தான் உயிர் போகும். நானோ அளவுத் தூள் வடிதாளில் நிற்காது, நின்றால் தாளை அடைத்துக்கொள்ளும். மேக்னடைட் என்றால் பீக்கருக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் போதும். பழைய ஹார்டு டிஸ்கை உடைத்தால் உள்ளே பிறை வடிவில் இரண்டு நியோடிமியம் காந்தம் கிடைக்கும். ஸ்பீக்கர் காந்தத்தைவிட அது பல மடங்கு இழுக்கும்.

செய்முறை சுலபம். 1981-இல் மசார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட வழியைத்தான் உலகமே கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறது. இரும்பின் ஃபெரிக் உப்பு இரண்டு பங்கு, ஃபெரஸ் உப்பு ஒரு பங்கு, அதில் காரம். நாங்கள் எடுத்த அளவு: நீரேறிய ஃபெரிக் குளோரைடு 5.4 கிராம், ஃபெரஸ் சல்ஃபேட் 2.8 கிராம், கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ச்சி வடித்த தண்ணீர் 100 மில்லி. காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) கணக்குப்படி 3.2 கிராம் போதும், நாங்கள் 5 கிராமை 50 மில்லித் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டோம். எல்லாம் சரியாக நடந்தால் 2.3 கிராம் மேக்னடைட் கிடைக்கும்.

ஃபெரஸ் சல்ஃபேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்பது இதுதான். ஆனால் அதன் மேல்பாகம் காற்றுப்பட்டு மஞ்சளாகி, துருப்பிடித்து இருக்கும். ஆய்வகப் புட்டியிலும் பழசாகிப்போனால் அதே கதைதான். மஞ்சள் பட்ட படிகத்தைத் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் வெளிர்பச்சைப் படிகத்தை மட்டும் எடுக்கவேண்டும். ஃபெரஸ் குறைந்தால் வருவது கறுப்பாக இருக்காது, செம்பழுப்பாக இருக்கும், காந்தம் இழுத்தால் சோம்பலாக நகரும். இதனால்தான் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விரட்டுவதும்.

60, 70 டிகிரியில் கலக்கிக்கொண்டே காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மேக்னடிக் ஸ்டிரர் இங்கே ஆகாது. தூள் உருவாக உருவாகக் கலக்கும் துண்டிலேயே போய் அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுற்றும் கண்ணாடித் துடுப்பு வைத்தோம். ஆரஞ்சு நிறக் கரைசலில் காரம் விழ விழ முதலில் பழுப்பாகக் கட்டி கட்டியாக வரும், ஏதோ கெட்டுப்போனமாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு கட்டத்தில் பீக்கர் முழுக்கச் சட்டென்று கறுத்துவிடும். அரைமணி நேரம் அதே சூட்டில் கலக்கி, அடியில் காந்தத்தை வைத்து, மேல் தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி இறுத்து என்று அலசும் தண்ணீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவவேண்டும். பொறுமை கேட்கும் வேலை.

தூளை உலர்த்தவில்லை. உலர்த்தினால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிவிடும், பிறகு என்ன கலக்கினாலும் பழைய நிலைக்குப் பிரியாது. மூச்சில் போகும் ஆபத்தும் உண்டு. மூடிபோட்ட புட்டியில் தண்ணீருக்கடியில் குழம்பாகவே வைத்தோம். எடையை அறிய அதில் 5 மில்லி மட்டும் எடுத்து உலர்த்தி எடைபோட்டால் போதும்.

நானோ என்றாலே பரப்பளவு பிரமாதம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் உருண்டைகள், அடர்த்தி 5.2. கிராமுக்கு 115 சதுர மீட்டர் வருகிறது. நல்ல கிளர்வூட்டிய கரிக்குக் கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் சாதாரணம். அப்படியானால் இரும்புத் தூளுக்கு என்ன பெருமை? கரியின் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைகளுக்குள் இருக்கிறது. கறுப்பு ஷேடுக்குப் போடும் ரியாக்டிவ் பிளாக் 5 மாதிரி, மூலக்கூறு எடை ஏறத்தாழ 992 உள்ள சாயம் அந்தச் சந்துகளுக்குள் நுழையத் திணறும். மேக்னடைட்டின் பரப்பு முழுக்க வெளியே கிடக்கிறது, சாயம் வந்த வேகத்தில் ஒட்டலாம். அவ்வளவுதான் வித்தியாசம். பரப்பளவைக் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

வெறும் மேக்னடைட்டுக்கு இன்னொரு குறை உண்டு. பிஎச் 7-ஐ ஒட்டி அதன் மேற்பரப்பில் மின்னேற்றமே ஏறத்தாழ இல்லை. எதிர்மின் சாயத்தை இழுக்க வேண்டுமானால் அமிலப் பக்கம் போகவேண்டும். ரொம்பப் போனால் இரும்பு கரைய ஆரம்பிக்கும். அதனால் மேலே சிட்டோசன் பூசினோம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள். அதன் அமீன் தொகுதிகள் அமிலத்தில் புரோட்டானை வாங்கி நேர்மின் ஏற்றம் பெறும், எதிர்மின் சாயம் ஓடிவந்து உட்காரும். பிஎச் 6.5-க்கு மேலே போகப் போக அந்த ஏற்றம் குறைந்துகொண்டே வரும்.

முதலில் மணிகளாகச் செய்து பார்த்தோம். 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் சிட்டோசனைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கஞ்சிப் பதத்தில் வழவழவென்று வரும். அதில் மேக்னடைட் குழம்பைச் சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, காஸ்டிக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே கறுப்பு முத்தாக இறுகும். பார்க்க அவ்வளவு அழகு. மாணவர்கள் ஆளுக்கொரு சிரிஞ்சோடு நின்றுவிட்டார்கள். காந்தத்துக்கு உடனே ஓடிவரும், சாதாரண டீ வடிகட்டியிலேயே நிற்கும்.

ஆனால் சாயத்தில் போட்டால் மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஏன் என்று பார்க்க, மேக்னடைட் சேர்க்காத வெள்ளை மணிகள் சிலவற்றைச் செய்து, சாயத்தில் ஊறவைத்து, பிளேடால் நடுவே வெட்டினோம். வெளிவிளிம்பில் மட்டும் மெல்லிய கருநீல வளையம். உள்ளே முழுக்க வெளிறிய சிட்டோசன், சாயம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் மணிக்குள் நானோ தூளை அடைத்தால் அதற்குப் பிறகு அது நானோ பொருளே அல்ல. வேகம் முழுக்க மணியின் தடிமனில் போய்விடுகிறது. மணிகளைக் கண்ணாடிச் சீசாவில் போட்டுக் காட்சிக்கு வைத்துவிட்டு, பூசிய தூளுக்கு மாறினோம்.

பூசுவது இப்படி. 1 கிராம் சிட்டோசன் கரைந்த 100 மில்லிக் கரைசலில் 2 கிராம் மேக்னடைட்டுக்குரிய குழம்பைக் கலந்து, அல்ட்ராசானிக் தொட்டியில் அரைமணி நேரம் வைத்து, வேகமாகச் சுழலும் காஸ்டிக் கரைசலில் மெல்லிய இழையாக ஊற்றவேண்டும். சிட்டோசன் படலமாக இறங்கித் தூளைப் போர்த்திக்கொள்ளும். அப்படியே விட்டால் அமிலத் தண்ணீரில் அந்தப் படலம் திரும்பக் கரைந்துவிடும், அதனால் குளூட்டரால்டிஹைடு சில துளிகள் விட்டுக் குறுக்கே பிணைத்தோம். ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படுத்தும் அதே சங்கதி. மூக்கையும் கண்ணையும் எரிக்கும், புகைக்கூண்டுக்குள்தான் திறக்கவேண்டும். அளவு மிஞ்சவும் கூடாது. பிணைப்புக்குச் செலவாவது அதே அமீன் தொகுதிகள், சாயம் உட்கார வேண்டிய நாற்காலிகள் அவைதான்.

இப்போது சோதனை. புட்டியிலிருந்து எடுத்த சுத்த ரியாக்டிவ் பிளாக் 5-ஐக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, பிஎச் 4-க்குக் கொண்டுவந்து, 100 மில்லிக்கு 0.2 கிராம் தூள். கால்மணி நேரத்தில் காந்தத்தை வைத்து இறுத்தால் தண்ணீர் கிட்டத்தட்ட நிறமில்லாத வெறும் தண்ணீர். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அருமையான கட்டுரை ஒன்று தயார்.

அடுத்து முதல் கேன். செலவான பாத் தண்ணீர், பிஎச் 11-ஐ ஒட்டி. தூளைப் போட்டுக் குலுக்கினோம். காந்தம் தூளைச் சமர்த்தாக ஓரத்தில் ஒதுக்கியது, தண்ணீர் ஊற்றினபோது இருந்த அதே கறுப்பில் நின்றது. எதிர்பார்த்ததுதான், அந்தப் பிஎச்சில் சிட்டோசனுக்கு ஏற்றமே இல்லை. அமிலம் விட்டோம். பிஎச் மீட்டர் நகரவே மறுத்தது. சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம் இருந்தால் அதை முழுக்க முறிக்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 33 மில்லி வேண்டும். நுரைத்துப் பொங்கி பீக்கரைத் தாண்டி வழியும், பெரிய பாத்திரத்தில் மெதுவாகத்தான் விடவேண்டும். அப்படி முறித்தால் அந்த 20 கிராம் சோடா ஆஷ் காணாமல் போவதில்லை, 22 கிராம் சோத்து உப்பாக மாறி அதே தண்ணீரில் நிற்கிறது.

பிஎச் 4-க்கு வந்தபின்னும் பாதிக்குமேல் சாயம் அசையவில்லை. இதற்கு இரண்டு காரணம், இரண்டுமே மெத்திலீன் நீலத்தில் வேலை செய்தவருக்கு ஒருநாளும் தெரியவராதவை.

முதலாவது உப்பு. பாத்தில் கொட்டும் உப்பு குளோபர் சால்ட், அதாவது சோடியம் சல்ஃபேட்; லிட்டருக்கு 50 கிராம் (நீரற்றது) என்றால் 0.35 மோல் சல்ஃபேட். லிட்டருக்கு 0.2 கிராம் சாயம் என்றால் ஏறத்தாழ 0.0002 மோல். ஒரு சாய மூலக்கூறுக்கு 1,700 சல்ஃபேட் அயனிகள் வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் இரட்டை எதிர்மின் ஏற்றத்தோடு. சிட்டோசனுக்கும் சல்ஃபேட்டுக்கும் தனி ஒட்டுறவு வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும் சிட்டோசன் நீர்த்த கந்தக அமிலத்தில் சாதாரண வெப்பநிலையில் கரையாது, சல்ஃபேட் அதைக் கட்டிப்போட்டுவிடும்.

இரண்டாவது, புட்டிச் சாயமும் பாத்தில் வெந்த சாயமும் ஒன்றல்ல. ரியாக்டிவ் பிளாக் 5-இல் நான்கு எதிர்மின் முனைகள் உண்டு. அவற்றில் இரண்டு, துணியோடு வினைபுரியும் கைகளின் நுனியில் இருக்கும் சல்ஃபேட் தொகுதிகள். காரத்தில் சூடேறியதும் அவை கழன்றுவிடும், மிஞ்சுவது இரண்டு சல்ஃபோனேட் மட்டும். நான்கு கொக்கியில் தொங்கியது இரண்டு கொக்கியில் தொங்குகிறது. புட்டியிலிருந்து நேராகக் கரைத்துச் சோதிப்பவர்கள் துணிக்கே போகாத சாயத்தைச் சோதிக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் சோதனைக் கரைசல்களை எல்லாம் முதலில் பிஎச் 11-இல் 80 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குமேல் வேகவைத்து, ஆறவைத்து, நடுநிலையாக்கித்தான் எடுத்தோம்.

தண்ணீர் கொடுத்த பட்டறையின் டையிங் மாஸ்டரிடம் சுத்த சாயத்தின் முடிவைக் காட்டினேன். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கலரு போயிருச்சுங் சார், சரி. உப்பு எங்கீங் போச்சு?" எங்கேயும் போகவில்லை. நிலத்தில் விடும் தண்ணீரில் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வரம்பு. முதல் பாத் தண்ணீரில் அதைவிட இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. எந்த ஒட்டுத் தூளும் அதைத் தொடாது. அதற்கு ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும்தான். என் கணிப்பில், திருப்பூருக்கு நானோ என்று உருப்படியாக வந்து சேர்ந்தது நானோ வடிகட்டிச் சவ்வுதான். ஒரு நானோமீட்டர் அளவுத் துளை சாயத்தை நிறுத்திச் சோத்து உப்பை விடும், அந்த உப்புத் தண்ணீரைத் திரும்பச் சாயம் போடவே எடுத்துக்கொள்ளலாம். தூளுக்கு இடம் வேறெங்காவது இருந்தால்தான் உண்டு.

இருந்தது, இரண்டாவது மூன்றாவது கேன்களில். அலசல் தண்ணீரில் உப்பும் சோடா ஆஷும் பல மடங்கு குறைந்திருக்கும், சாயம் மட்டும் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருக்கும். பட்டறையில் எப்படியும் சாயம் போட்டபின் நியூட்ரல் செய்ய அசிட்டிக் அமிலம் விடுவார்கள், அந்த அலசல் தண்ணீர் ஏற்கெனவே பாதி வழி இறங்கி வந்திருந்தது. கொஞ்சம் அமிலம் விட்டாலே பிஎச் 5-க்கு வந்துவிட்டது. இரண்டாவது கேனில் தூள் நன்றாகவே வேலை செய்தது. மூன்றாவதில் சோப்பிங் ஏஜென்ட் குறுக்கே வந்தது, தூள் காந்தத்துக்கு வரவே நேரமெடுத்தது, மேலே கறுப்பாய்ப் புகைமாதிரி மிதந்துகொண்டே இருந்தது.

அந்தப் புகை அளவீட்டையும் கெடுக்கும். சாயத்தின் அளவை பிளாக் 5 அதிகம் ஒளி உறிஞ்சும் 597 நானோமீட்டரில் பார்க்கிறோம். மிஞ்சிய மேக்னடைட் துகளும் அதே இடத்தில் ஒளியை மறைக்கும், சாயம் இருப்பதாகக் கருவி சொல்லும். சாயம் உறிஞ்சாத 750-இலும் ஒரு தடவை படித்து அதைக் கழிக்கப் பழகினோம். இன்னொன்று, படிப்பதற்கு முன் எல்லா மாதிரிகளையும் ஒரே பிஎச்சுக்குக் கொண்டுவரவேண்டும், நிறம் பிஎச்சோடு ஆடும் சாயங்கள் உண்டு.

தூளில் ஏறிய சாயத்தை என்ன செய்வது? பல கட்டுரைகள் இந்தக் கேள்விக்கு முன்பே முடிந்துவிடும். சாயம் ஏறிய தூளை 0.1 மோலார் காஸ்டிக்கில் போட்டுக் குலுக்கினால் சிட்டோசன் ஏற்றத்தை இழந்து சாயத்தை விட்டுவிடும். ஒரு லிட்டர் அலசல் தண்ணீரின் சாயம் 50 மில்லியில் மசிமாதிரி இறங்கியது. தூளைக் கழுவி, அமிலத்தில் நனைத்து, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இந்த 50 மில்லிதான் எனக்கு முழு வேலையிலும் பிடித்த இடம். சாயம் இப்போது உப்பு மிகக் குறைந்த, கையடக்கமான தண்ணீரில் இருக்கிறது. இதை அழிக்கலாம். 1894-இல் ஃபென்டன் கண்ட வினை: இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பிஎச் 3-ஐ ஒட்டிச் சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிகல் என்ற வேகமாக வினைபுரியும் துகள் பிறக்கும், அது சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பை (இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கிடையே உள்ளது) அறுக்கும். முதல் கேனில் நேராக இதைச் செய்தால் குளோரைடு குறுக்கே விழுந்து அந்த ரேடிகலைத் தின்னும், குளோரின் ஏறிய கரிமப் பொருள்கள் உருவாகவும் வழி உண்டு. 50 மில்லியில் அந்தத் தொல்லை குறைவு. பெராக்சைடைத் தேடி அலையவும் வேண்டாம், துணியை வெளுக்க எல்லாப் பட்டறையிலும் 50 சதவீதம் கேன் கேனாக நிற்கும். நீர்க்கச் செய்துதான் எடுக்கவேண்டும். தோலில் பட்டால் அந்த இடம் வெள்ளையாகி எரியும்.

ஃபென்டனுக்குப் பூசாத வெறும் மேக்னடைட்டைத்தான் எடுத்தோம். பூசியதைப் போட்டால் ரேடிகல் சாயத்தோடு சிட்டோசனையும் சேர்த்துத் தின்றுவிடும். கரைந்த ஃபெரஸ் சல்ஃபேட்டைவிட மேக்னடைட் மெதுவானது. அன்னபேதி போட்டால் கண்முன்னே நிறம் போகும், மேக்னடைட்டில் மணிக்கணக்கில் ஆகும். பதிலுக்கு, கடைசியில் நடுநிலையாக்கும்போது பழுப்புச் சேறு குவியாது, தூளைக் காந்தத்தில் திரும்ப எடுக்கலாம்.

நிறம் போய்விட்டது என்பதை வைத்துச் சாயம் அழிந்துவிட்டது என்று சொல்லமுடியாது. அசோ பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும், உடைந்த துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கும். சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பார்க்கவேண்டும். அங்கே ஒரு சிக்கல்: மிஞ்சிய பெராக்சைடு சி.ஓ.டி. சோதனையில் ஆக்சிஜனேற்ற விடும் டைகுரோமேட்டைச் செலவழிக்கும், கழிவு கூடிவிட்டதுபோல் எண் ஏறும். இதற்கு மருந்து பட்டறையிலேயே இருக்கிறது. வெளுத்த துணியில் பெராக்சைடு மிஞ்சினால் ரியாக்டிவ் சாயம் சரியாகப் பிடிக்காது என்பதால் பெராக்சைடு கில்லர் என்று ஒரு என்சைம் விடுவார்கள், கேட்டலேஸ்தான் அது. மாதிரியை நடுநிலையாக்கி அதில் கொஞ்சம் விட்டு, குமிழி நின்றபின் சி.ஓ.டி. போட்டோம். என்சைமும் கரிமப் பொருள் என்பதால் அதை மட்டும் விட்ட வெறுந்தண்ணீரையும் கூடவே வைத்துக் கழிக்கவேண்டும். முடிவு: நிறம் முழுக்கப் போனபோதும் சி.ஓ.டி. அந்த அளவுக்கு இறங்கவில்லை. துண்டுகள் இருக்கின்றன. இனி அதை உயிரியல் தொட்டிக்கு அனுப்பலாமா என்பதற்கு நுண்ணுயிர்ச் சோதனை வேண்டும், எங்களிடம் அதற்கு வசதியில்லை.

இரும்பு கசிகிறதா என்பதையும் பார்த்தோம். இறுத்த தண்ணீரில் ஒரு துளி பெராக்சைடு விட்டு ஃபெரஸையெல்லாம் ஃபெரிக் ஆக்கி, கொஞ்சம் அமிலமும் அம்மோனியம் தயோசயனேட்டும் விட்டால் இரும்பு இருந்தால் சிவக்கும். பிஎச் 5-இல் எடுத்த தண்ணீர் நிறம் மாறவில்லை. பிஎச் 3-இல் எடுத்தது சந்தேகமில்லாமல் சிவந்தது. ஆகவே பிடிக்கும் வேலைக்கு 5-க்குக் கீழே போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். 4-இல் இன்னும் அதிகம் பிடிக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் பிடிபடாத ஒன்று, அந்த ஆரஞ்சு. இரண்டாவது கேனைச் சுத்தம் செய்தபின் தண்ணீர் வெள்ளையாகவில்லை, நீர்த்த டீ டிக்காஷன் நிறத்தில் நின்றது. முதலில் இரும்புத் துரு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் தயோசயனேட் இல்லை என்றது. நிறமாலையை முழுக்க ஓட்டினால் 597 உச்சி படுத்துவிட்டது, 500-க்குக் கீழே ஒரு மேடு மட்டும் அப்படியே இருந்தது. கடையில் கறுப்பு என்று வாங்கும் ரியாக்டிவ் சாயம் தனிச் சாயம் அல்ல, கருநீலமான பிளாக் 5-ஓடு ஆரஞ்சோ சிவப்போ கலந்துதான் ஜெட் பிளாக் ஆக்குகிறார்கள். எங்கள் தூள் கருநீலத்தை எடுத்துக்கொண்டு ஆரஞ்சை விட்டுவிட்டது. 597-இல் மட்டும் படித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

தூளின் அளவைக் கூட்டிப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அப்புறம் கொட்டாங்குச்சியில் செய்த கிளர்வூட்டிய கரியை அந்த டிக்காஷன் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு ராத்திரி விட்டோம். காலையில் வடிகட்டியபோது நிறம் பெருமளவு போயிருந்தது. ஆரஞ்சு மூலக்கூறு சின்னது, கரியின் சந்துக்குள் புகுந்திருக்கலாம். அடுத்து கரியின் மேலேயே மேக்னடைட்டை ஏற்றி ஒரே தூளாகச் செய்ய முடியுமா என்று பார்க்கிறோம். கரித்தூளை ஃபெரிக், ஃபெரஸ் கரைசலில் ஊறவைத்துவிட்டுக் காஸ்டிக் விடுவதுதான் வழி. முதல் தொகுதி காந்தத்துக்கு வருகிறது, ஆனால் கழுவும்போது கரி பாதி தனியாகப் பிரிந்து மிதக்கிறது.